பத்தரைக்கு முன் குளிர வேண்டிய அறை

யார் எதைக் கேட்டாலும் என் வாயிலிருந்து முதலில் வருவது "ஓம்" என்ற சொல்தான், ஆமாம் என்கிற ஓம். சலூனில் முடி வெட்டுபவர் பின்பக்கம் கண்ணாடியைப் பிடித்து, "இவ்வளவு காணுமா?" என்று கேட்டால், போதாவிட்டாலும் ஓம் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடுவேன். சாப்பாட்டுக் கடையில் யாருடைய பிளேட்டையோ என் முன்னால் வைத்து, "உங்கட தானே?" என்று கேட்டாலும் ஓம் என்று சொல்லி, பிடிக்காத கறியைச் சாப்பிட்டு முடித்த ஆள் நான். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வதற்கு எனக்கு எப்போதும் கூச்சம். ஓம் என்று சொன்னால் கதை அதோடு முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட நான் நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஏசி பூட்டும் வேலைக்குப் போனேன்.

அதற்கு முன் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் பல வருடம் வேலை செய்தேன். விசாவுக்கும் வைத்தியத்துக்கும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள் தங்கும் இடம் அது. படுக்கை விரிப்பு மாற்றுவது, தண்ணீர் மோட்டார் போடுவது, ஏசிகளின் ஃபில்டரைக் கழற்றிக் கழுவிக் காய வைப்பது எல்லாம் என் வேலை. ஆட்கள் வெளியே போன பிறகு வெற்று அறைகளில் செய்கிற வேலை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு லொட்ஜை விற்றார்கள். இடித்துவிட்டு மாடிவீடுகள் கட்டப் போவதாகச் சொன்னார்கள்.

அந்த லொட்ஜின் ஏசிகளைப் பார்க்க வருகிறவர் கொட்டாஞ்சேனையில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். கடைசி நாள் சாமான்களைக் கழற்ற வந்தபோது, "அண்ணே, உங்களை மாதிரி ஃபில்டர் கழுவுற ஆளை நான் கொழும்புலயே காணல்ல. என்னோட வந்துடுங்களேன்" என்றார். ஓம் என்றேன். அந்த ஓம் பற்றி இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

அவரை முதலாளி என்று கூப்பிட்டால் சிரிப்பார். பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு வளையாது. அதனால் எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே, முன்னால் போய் நின்று அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருக்கப் பழகிக்கொண்டேன்.

வேலை எனக்குப் பிடித்துப் போனது. ஏசியில் ஒரு பாதி அறைக்குள்ளே சுவரில் இருக்கும், மறுபாதி வெளியே பல்கனியில் இருக்கும். இரண்டையும் செப்புக் குழாய்கள் இணைக்கும். குழாயின் நுனியைப் புனலின் வாய் மாதிரி விரித்து, நட்டை வைத்து இறுக்க வேண்டும். அப்படி விரிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை உண்டு. குழாயை வெட்டியதும் உள்விளிம்பில் மெல்லிய பிசிறு ஒன்று நிற்கும். விரலை வைத்தால் குத்தும். குழாயைத் தலைகீழாகப் பிடித்து அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விரித்தால் வாய் ஒழுங்காகப் படியாது. கடையில் மிஞ்சிய செப்புத் துண்டுகளை எல்லாம் வெட்டி, சுரண்டி, விரித்துப் பழகினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்கென்று ஒரு மேசை, ஒரு பாடம் என்று கிடைத்தது அதற்குப் பிறகு அப்போதுதான்.

கஷ்டமாக இருந்தது வீடுகளுக்குள் போவது. ஏசி எப்போதும் படுக்கை அறையில்தான் இருக்கும். இன்னொருவர் படுத்து எழும்பிய கட்டில், கதிரையில் கிடக்கும் சேலை, தலைமாட்டில் மருந்துப் போத்தல். இவற்றுக்கு நடுவே நான் ஏணியை விரிப்பேன். ஏறும்வரை தரையைப் பார்ப்பேன், ஏறிய பிறகு சுவரைப் பார்ப்பேன். வீட்டுக்காரரோடு கதைப்பதெல்லாம் கடைக்காரர் பாடு. "இந்த இடத்துல வெச்சா தலையில நேராக் காத்து அடிக்கும் மெடம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வெக்கை நாட்களில் வேலை குவிந்துவிடும். அப்படி ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நாங்கள் இருவரும் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு மாடிவீட்டுக்குப் போய், சுவரில் துளை போட்டு, இரண்டு பெட்டிகளையும் ஏற்றி வைத்துவிட்டு வந்தோம். மறுநாள் குழாய் பூட்டி ஓட விடுவது மட்டும்தான் மிச்சம். திரும்பி வரும்போது அவர் சொன்னார்.

"அண்ணே, நாளைக்கு எனக்குக் கொள்ளுப்பிட்டியில ஒரு ஒஃபிஸ்ல ஏசி வேலை. இதை நீங்க தனிய முடிங்க. முடிச்சுட்டுக் கொட்டாஞ்சேனையில ஒரு வீடு இருக்கு, அதையும் தனியப் பாருங்க. ரெண்டும் சரியா வந்தா அடுத்த கிழமையில இருந்து உங்களுக்குத் தனி பேக், தனி கேஜ். இல்லாட்டி…"

இல்லாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும். வெக்கை காலம் முடிந்தால் ஏணி பிடிக்க ஒரு தனி ஆள் தேவையில்லை. பெரிய கம்பனிகளில் கேட்கிற சான்றிதழ் ஒன்றும் என்னிடம் கிடையாது. இந்த வயதில் வேறொரு கதவைத் தட்டிக் கதைக்கும் தைரியமும் கிடையாது.

"ஒரே ஒரு விஷயம் அண்ணே. ஏலாததை ஏலாதுண்டு சொல்லோணும். வீட்டுக்காரருக்கும் சொல்லோணும், எனக்கும் சொல்லோணும். விளங்கிச்சா?"

"ஓம்."

அவர் ஒரு கையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை அந்த வீட்டு அம்மா கதவைத் திறந்தார். எழுபது வயது இருக்கும். தோய்ந்த தலை காயவில்லை, நெற்றியில் திருநீறு. பல்கனியில் கணவர் சாரம் கட்டியபடி பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் கட்டிலுக்குப் புதிய விரிப்பு போட்டு, அதன்மேல் தூசி படாமல் பழைய சேலை ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தார்கள். பக்கத்தில் சின்னக் கட்டில் ஒன்றும் இருந்தது.

"மகள் கனடாவிலை இருந்து வாறா. பேரனும் வாறான். இரவைக்குப் பிளேன்" என்றார் அம்மா.

நான் சுவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"தம்பி, இண்டைக்கு வெள்ளிக்கிழமை எல்லே. பத்தரைக்கு ராகு காலம் துவங்குது. அதுக்கு முன்னம் போட்டுடுவியள்தானே?"

குழாய் இழுத்து, நாலு வாய் விரித்து, வயர் பூட்டி, உள்ளே இருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்த பிறகுதான் ஏசியை ஓட விடலாம். பத்தரைக்கு முன்னால் முடிகிற காரியம் அல்ல. எனக்கு அது நன்றாகத் தெரியும்.

"ஓம்" என்றேன்.

பல்கனியிலிருந்து ஐயாவின் குரல் வந்தது. "மனுசன் இன்னும் சாமானே இறக்கேல்லை. அதுக்குள்ளை நீர் பஞ்சாங்கத்தை விரிச்சிட்டீர். லைட் போடுறதுக்கும் நேரம் பாக்கிறனீரோ?"

"லைட்டும் இதுவும் ஒண்டோ? புதுச்சாமான். பிள்ளையளுக்கெண்டு போடுறது. நீங்கள் பேப்பரைப் பாருங்கோ."

"புது வாகனம் மாதிரி எலுமிச்சம்பழம் வைச்சு ஏத்துவமெண்டால் இதுக்குச் சில்லும் இல்லை."

நான் வேலையைத் தொடங்கினேன். குழாய்களைச் சுவர்த் துளையால் இழுத்தேன். அவசரப்பட்டாலும் முதல் மூன்று வாய்களையும் பழகியபடிதான் செய்தேன். இடையில் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ஆறவிட்டுக் குடிக்க நேரமில்லாததால் நாக்கைச் சுட்டுக்கொண்டேன். நாலாவது வாய் அறைக்குள்ளே, ஏணியின் உச்சியில். குழாயை வெட்டி முடித்த நேரம் பார்த்து அம்மா ஒரு தட்டோடு உள்ளே வந்தார். சந்தனம், குங்குமம், கற்பூரம். தட்டைப் பிடித்தபடி மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பத்துக்கு மேலை போச்சுது தம்பி."

"ஓம்."

விரலை வைத்துப் பார்த்தேன். பிசிறு குத்தியது. சுரண்டுகிற கத்தி கீழே பையில் இருந்தது. இறங்கினால் அவரைக் கடந்து போக வேண்டும், அவர் தட்டோடு ஒதுங்க வேண்டும், நான் ஏதாவது சொல்ல வேண்டும். இறங்கவில்லை. அப்படியே விரித்து, நட்டை இறுக்கி, குழாயை மூடும் பஞ்சுக்குழலை மேலே இழுத்து டேப்பும் சுற்றிவிட்டேன்.

வயரைப் பூட்டி, பல்கனிக்குப் போய் பம்பைப் பொருத்தியபோது பத்தரைக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அம்மா தட்டோடு பின்னாலேயே வந்தார்.

"போடலாமோ?"

"அம்மா… இது… முதல்ல இதைப் போட்டுக் காத்தை உறிஞ்சோணும். பிறகுதான் அது."

அன்று காலை நான் பேசிய மிக நீண்ட வசனம் அது. அவர் ஏமாந்து போவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப இதைப் போட்டாலும் துவக்கினதுதானே?"

"ஓம்."

"அப்ப இதைப் போடுங்கோ."

பம்பின் கைப்பிடியில் சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். கற்பூரத்தைக் காட்டினார். நான் சுவிட்சைப் போட்டேன். பம்ப் இரைந்தது. அவர் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் ஏதோ செய்தாக வேண்டும்போல இருந்ததால் நானும் கும்பிட்டேன்.

"ஏசிக்கு வைச்சிருந்த நல்ல நேரம் பம்புக்குப் போச்சுது" என்றார் ஐயா, பேப்பரை மடக்காமலே.

"ஏசி இனிப் பன்னிரண்டுக்குப் பிறகு. ராகு காலம் முடியட்டும். தம்பிக்கு அவசரம் ஒண்டுமில்லையே?"

கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு எனக்காகக் காத்திருந்தது. "ஓம்… இல்லை" என்றேன்.

எங்கள் வழக்கம், பம்பைக் கால் மணி நேரம் ஓட விடுவது. பிறகு வெளிப்பெட்டியின் வால்வைத் திறந்தால் அதற்குள் இருக்கும் வாயு குழாய்களுக்குள் போய்விடும், ஏசியை ஓட விட்டுக் கிளம்பலாம். வேலை குவிந்திருக்கும் நாட்களில் எல்லோரும் அப்படித்தான். அன்று பம்ப் ஓடி முடிந்தும் வால்வைத் திறக்க அனுமதியில்லை. நான் பம்பை நிறுத்தி, குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் கேஜை மூடினேன். முள் அடியில் போய் நின்றது. உள்ளே காற்றில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை.

வேலையில்லாமல் இன்னொருவர் வீட்டில் இருப்பதைப் போன்ற சங்கடம் எனக்கு வேறில்லை. அம்மா என்னை ஹோலில் இருத்தினார். சோபாவின் விளிம்பில், அழுக்குக் காற்சட்டை துணியில் பட்டுவிடாமல், பாதி இருந்தும் பாதி நின்றும் இருந்தேன். ஐயா பேப்பரின் நடுத்தாளை உருவிக் கையில் தந்தார். எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்க, நேரத்துக்கு நேரம் பக்கத்தைத் திருப்பினேன்.

அம்மா எதிர்க் கதிரையில் இருந்து போனில் பேரனின் படத்தைக் காட்டினார். பனிக்குள் தொப்பி போட்டுக்கொண்டு நின்றான்.

"போன முறை வந்து ரெண்டு நாள்தான் இஞ்சை நிண்டவை. பிள்ளைக்கு வெக்கையிலை உடம்பெல்லாம் கொப்பளிச்சுப் போச்சுது. இரவிரவா அழுகை. பிறகு ஹோட்டலுக்குப் போட்டினம். நாங்கள் காலமை பஸ் எடுத்துப் போய் ஹோட்டலிலை பிள்ளையைப் பாத்திட்டு வாறது."

"விசிட்டிங் அவர்ஸ்" என்றார் ஐயா.

அம்மா சிரிக்கவில்லை. "இந்த முறை அறை குளிரா இருந்தால் நிப்பினம்" என்றார்.

எழும்புவதற்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. கேஜைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கையால் காட்டிவிட்டுப் பல்கனிக்குப் போனேன். கீழே ரயில் ஒன்று தெகிவளைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கேஜைப் பார்த்தேன். முள் நான் விட்ட இடத்தில் இல்லை. அடியிலிருந்து ஒரு மயிரிழை மேலே நின்றது.

சரியாகப் பார்க்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு போய் இருந்தேன். அரசியல் பக்கத்தைத் திருப்பினேன். திரும்ப எழும்பி வந்து பார்த்தேன். முள் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. எங்கேயோ வெளிக்காற்று உள்ளே போகிறது. எங்கே என்று என் விரல் நுனிக்கு உடனே தெரிந்துவிட்டது.

அந்த நேரம் போன் அடித்தது. கடைக்காரர்.

"அண்ணே, எங்க நிக்கிறீங்க? கொட்டாஞ்சேனை ஆள் எனக்கு கோலுக்கு மேல கோல் எடுக்கிறாரு. அங்க முடிஞ்சுதா?"

"ஓம்… இல்ல. ராகு காலம்."

"என்னது?"

"பன்னண்டுக்குப் பிறகுதான் போடலாமாம்."

அவர் சிரித்தார். "சரி, பன்னண்டுக்குப் போட்டுட்டு ஓடி வாங்க."

"முள்ளு ஏறுது."

"அந்த கேஜ் ஹோஸ் பழசு அண்ணே, அதுலதான் காத்துப் போகும். கேஸைத் திறந்து விட்டுட்டு வாங்க."

"ஓம்."

போனை வைத்த பிறகும் பல்கனியிலேயே நின்றேன். பன்னிரண்டு மணிக்கு வால்வைத் திறந்தால் ஏசி ஓடும். அறை குளிரும். இரவு அந்தப் பிள்ளை நன்றாகத் தூங்கும். வாயு சிறுகச் சிறுகப் போய்க்கொண்டிருக்கும். அது இரண்டு கிழமை தாங்குமா, இரண்டு மாதம் தாங்குமா என்று எனக்குத் தெரியாது. திரும்பி உள்ளே போய், அன்று முதல் தடவையாக நானாக ஒரு கேள்வி கேட்டேன்.

"அவங்க எவ்வளவு நாள் நிப்பாங்க?"

"ஒண்டரை மாதம் எண்டு டிக்கெட் போட்டிருக்கினம்" என்றார் அம்மா. "இஞ்சை நிக்கிறது எவ்வளவு நாளோ தெரியாது."

ஒருவேளை ஹோஸ்தானோ என்று ஆசைப்பட்டு, அதைக் கழற்றி, உள்ளிருந்த ரப்பர் வளையத்தை மாற்றி இறுக்கினேன். திரும்ப பம்பைப் போட்டேன். இரைச்சல் கேட்டு அம்மா எழும்பி வந்துவிட்டார்.

"என்ன தம்பி, ராகு காலத்திலை போடுறியள்? முதலே போட்டதுதானே?"

ஓம் என்று சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி அல்ல அது. நான் பம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கைப்பிடியில் குங்குமம் அதிர்ந்துகொண்டிருந்தது.

"அம்மா, எங்கயோ காத்துப் போகுது. நான் பூட்டின இடம்தான். அவசரத்துல ஒண்டு சரியாச் செய்யேல்ல. கழட்டிப் பாக்கோணும்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப பிள்ளையள் வரேக்குள்ளை முடியாதோ?"

ஐயா பேப்பரை மடக்கிவிட்டு எழும்பினார். "நல்லதுதானே. பிழையெல்லாம் ராகு காலத்திலேயே வந்திட்டுப் போகட்டும். பிறகு வந்தால்தான் கரைச்சல்."

அம்மா அதை யோசித்துப் பார்த்தார். பகிடிக்குச் சொன்னதை அவர் பகிடியாக எடுக்கவில்லை.

"ஓம், கழட்டுறதுக்கு ராகு காலம் பரவாயில்லை" என்றார் மெதுவாக. "பூட்டுறதைப் பன்னிரண்டுக்குப் பிறகு பூட்டுங்கோ."

பம்பை நிறுத்திப் பார்த்தோம். இப்போது எனக்குப் பக்கத்தில் இருவரும் நின்று முள்ளைப் பார்த்தார்கள். முள் ஏறியது.

"ஏறுதப்பா" என்றார் ஐயா, ஏதோ மேட்ச் பார்க்கிறவர் மாதிரி.

சவர்க்காரத் தண்ணி கேட்டேன். அம்மா பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைக் கரைத்து, நுரை பொங்க ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். வெளிப்பெட்டியின் வால்வை ஒரு கணம் திறந்து மூடி, குழாய்க்குள் கொஞ்சம் வாயுவை விட்டேன். அறைக்குள் ஏணியில் ஏறி, டேப்பைப் பிரித்து, நாலாவது நட்டைச் சுற்றி நுரையைப் பூசினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு சின்னக் குமிழ் ஊதி வெடித்தது. அதே இடத்தில் இன்னொன்று.

நட்டைக் கழற்றினேன். விரித்த வாயின் ஒரு பக்கத்தில் பிசிறு மடிந்து, கீறல் மாதிரி ஒரு கோடு. நுனியை வெட்டி எறிந்தேன். இறங்கி, அம்மாவைக் கடந்து போய், பையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு திரும்ப ஏறினேன். அவர் ஒதுங்கி நின்றார். ஒன்றும் நடந்துவிடவில்லை. குழாயின் வாயைக் கீழே வளைத்துப் பிடித்துச் சுரண்டினேன். விரலை வைத்துப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தது. விரித்தேன். அதன் பிறகு நட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு ஆகும்வரை ஏணியிலேயே நின்றேன். கீழே அம்மா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ம், இப்ப பூட்டுங்கோ" என்றார்.

பூட்டினேன். பல்கனிக்குப் போய் பம்பைப் போட்டேன். போன் மறுபடியும் அடித்தது.

"அண்ணே, பன்னண்டு தாண்டிட்டுது. போட்டாச்சா?"

போனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன். நான் நிற்கும் நிலையைப் பார்த்த அம்மா கையை நீட்டினார். என்னையறியாமல் போனைக் கொடுத்துவிட்டேன்.

"தம்பி, நான் வீட்டுக்காரி கதைக்கிறன். அவரிலை பிழையில்லை. நான்தான் ராகு காலம் எண்டு மறிச்சு வைச்சனான். அவரைப் பேசாதையுங்கோ, என்ன?"

அந்தப் பக்கம் அவர் பரவாயில்லை அம்மா, பரவாயில்லை என்று சொல்வது எனக்கே கேட்டது. போன் என் கைக்கு வந்தது. "சரி அண்ணே, விளங்குது. வயசான ஆக்கள்தானே" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். குற்றம் ராகு காலத்தின் தலையில் போயிருக்கும்.

"ராகு காலம் இல்ல" என்றேன். "ஹோஸும் இல்ல. நாலாவது வாயை நான் சுரண்டாம விரிச்சிட்டன். திரும்பச் செஞ்சிருக்கிறன். இப்பதான் பம்ப் ஓடுது."

அந்தப் பக்கம் துளை போடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது நின்றது.

"அப்ப ரெண்டு மணிக்குக் கொட்டாஞ்சேனையில நிப்பீங்களா?"

வாய் வழக்கப்படி குவிந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேஜைப் பார்த்தேன்.

"ஏலாது."

"மூணுக்கு?"

"ஏலாது. முள்ளு நிக்குதாண்டு நல்லாப் பாத்துட்டுத்தான் திறப்பன். இன்னைக்கு அங்க வர ஏலாது."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. ஒரு நாளில் இரண்டு வேலை என்றுதான் பேச்சு. தனிப் பையும் கேஜும் அத்தோடு போனது என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, நான் அந்த ஆளோட கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

அம்மா எனக்குச் சோறு போட்டார். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு. வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், ஆனால் அன்றைக்கு அதற்கு மேல் ஒரு மறுப்புக்கு என்னிடம் பலமில்லை. சாப்பிட்டு முடித்து நாங்கள் மூவரும் பல்கனியில் முள்ளைப் பார்த்தோம். அது அடியிலேயே நின்றது. இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்த்தோம். அசையவில்லை.

"மூண்டுக்கு எமகண்டம்" என்று ஞாபகப்படுத்தினார் அம்மா.

அதற்கு முன்னால் வால்வைத் திறந்தேன். உள்ளே சுவரில் இருந்த பெட்டியில் பொட்டு வைக்க அவருக்கு எட்டவில்லை. தட்டை என்னிடம் நீட்டினார். ஏணியில் ஏறி நான்தான் வைத்தேன். ஐயா ரிமோட்டை அழுத்தினார். மூடி திறந்து, முதலில் சும்மா காற்று வந்தது, பிறகு குளிர் வந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலின் விளிம்பில் இருவரும் இருந்தார்கள். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.

"ஹோட்டல் மாதிரி இருக்குதோ தம்பி?"

ஹோட்டல்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? லொட்ஜ் அறைகளில் ஃபில்டர் கழுவியவன் நான். ஆனால் அந்த அறை உண்மையாகவே நன்றாகக் குளிர்ந்திருந்தது.

"ஓம்" என்றேன்.

பின்னேரம் பஸ் எடுத்து, நெரிசலில் பம்பை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டாஞ்சேனைக் கடைக்கு வந்து சேர்ந்தேன். அவர் முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். வழக்கம்போல முன்னால் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பம்பைப் பார்த்தார்.

"இது என்ன அண்ணே, பம்புக்குக் கல்யாணமா?"

நடந்ததைச் சொன்னேன். முதல் தடவையாக ஒரு கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அவரிடம் சொன்னேன். ஏசிக்கு வைத்திருந்த நல்ல நேரம் பம்புக்குப் போன இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பிசிறு வந்த இடத்தில் சிரிக்கவில்லை.

"கால் மணி நேரத்துல திறந்திருந்தா நானும் அந்தப் பிழையைப் பிடிச்சிருக்க மாட்டன்" என்றார். சொல்லிவிட்டு மேசையைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கொட்டாஞ்சேனை ஆள் நாளைக்கு வரச் சொல்லிட்டாரு. தனியப் போறீங்களா?"

"ஓம்."

"பன்னண்டுக்கு முடியுமா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். அந்த வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. குழாய் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்றும் தெரியாது.

"பாத்துட்டுத்தான் சொல்லலாம்" என்றேன்.

அவர் தலையில் கை வைக்கவில்லை. அலுமாரியைத் திறந்து, இன்னொரு பையை எடுத்து உதறி, நான் கொண்டுவந்த கேஜையே அதற்குள் போட்டு என் பக்கம் தள்ளினார்.

"ஹோஸ் பழசுதான்" என்றார். "ஆனா லீக் இல்லண்டு இன்னைக்குத் தெரிஞ்சிட்டுதே."